‘நீ ஸ்கூலுக்கு வராதம்மா!’

கொருக்குப்பேட்டையிலிருந்து ஒரு தாய் நான்கு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

கணவர் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறார். வாரத்தில் ஒருநாளோ இரண்டு நாளோதான் வீட்டில் இருப்பார். கடிதம் எழுதிய அம்மாவுக்கு எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் வேலை. மகள் பிளஸ் டூ. மகனுக்கு 14 வயது, அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் 9ஆம் வகுப்பு படிக்கிறான். வாய்க்கணக்கில் கெட்டிக்காரன். ஒரு தடவை பாடத்தைச் சொன்னால் அப்படியே திருப்பிச் சொல்வான். ஆனால் ஒரு பாரா படிப்பதற்குள் வியர்த்துவிடும். எழுதினால் புள்ளி இருக்காது, கொம்பு இடம் மாறியிருக்கும். ஏழாம் வகுப்பில் ஒரு தனியார் மையத்தில் காட்டியபோது டிஸ்லெக்சியா என்று ரிப்போர்ட் கொடுத்திருக்கிறார்கள். அது பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் இருக்கிறது. பையனிடம் ‘கண்ணு பவர் கொஞ்சம் கம்மி’ என்று சொல்லி வைத்திருக்கிறார்.

புதிதாக ஓர் ஆசிரியர் வரும்போதெல்லாம் அரைநாள் பர்மிஷன் போட்டுப் பள்ளிக்குப் போய் ‘எம் புள்ளய கொஞ்சம் பாத்துக்கோங்க சார்’ என்று கேட்டுவிட்டு வருவார். போன மாதம் பையனே முதல்முறையாக வாயைத் திறந்திருக்கிறான். பாடம் நடந்துகொண்டிருக்கும்போது எழுந்து, ‘சார், அழிக்காதீங்க, நான் இன்னும் எழுதல’ என்றிருக்கிறான். ‘கலெக்டர் உத்தரவு போட்டுட்டாருப்பா’ என்றாராம் ஆசிரியர். வகுப்பே சிரித்திருக்கிறது. மறுநாள் அம்மா போய்ச் சத்தம் போட, ‘உங்க பையன் எதிர்த்துப் பேசறான்’ என்று அவர் சொல்ல, சாயங்காலம் மகன் சொன்னானாம்: ‘நீ ஸ்கூலுக்கு வராதம்மா. எனக்கு மானம் போவுது.’

‘பேசக் கத்துக்கொடுத்தா திமிர் பிடிச்சவன்னு பேர் வாங்கிடுவானோ? சர்டிபிகேட் வாங்கினா நாளைக்கு வேலை கிடைக்குமா? பேசாம பள்ளிக்கூடத்தை மாத்திடட்டுமா? ரெண்டு போட்டா தானா படிப்பான்னு அவங்கப்பா சொல்றார். எனக்கு ஒண்ணும் புரியல’ என்று முடித்திருக்கிறார்.

அன்புச் சகோதரி,

உங்கள் மகன் அன்றைக்குச் செய்தது தப்பு இல்லை. இதை முதலில் அவனிடம் சொல்லுங்கள். கேட்ட இடமும் நேரமும் விதமும்தான் சரியாக அமையவில்லை. அந்த மூன்றையும் சொல்லிக் கொடுத்துவிடலாம். கேட்கவே தோன்றாத பிள்ளைக்குக் கேட்கச் சொல்லிக் கொடுப்பதுதான் பெரும்பாடு. அந்தச் சிரமத்தை உங்களுக்கு அவன் வைக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் இத்தனை நாள் போய்ப் பேசியது வீண் இல்லை. ஆனால் இரண்டு வேலைகளை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டிருக்கிறீர்கள். விண்ணப்பம், சான்றிதழ், கையெழுத்து எல்லாம் பெரியவர்கள் வேலை. அதில் நீங்கள் தயங்குகிறீர்கள், ரிப்போர்ட் பீரோவை விட்டு வெளியே வரவில்லை. வகுப்பில் அன்றாடம் ‘எனக்கு இது வேண்டும்’ என்று சொல்வது அவன் வேலை. அதை நீங்கள் செய்துகொண்டிருக்கிறீர்கள். இதை அப்படியே மாற்றிப் போட வேண்டும்.

முதலில் அவனுக்குத் தெரியட்டும்

‘கண்ணு பவர் கம்மி’ என்ற பொய்யை இந்த வாரமே முடித்துவிடுங்கள். தெரிந்தால் மனசு ஒடிந்துபோவான் என்று பயப்படுகிறீர்கள். உங்களைப் போல நினைக்கும் பெற்றோரைப் பெரம்பூரிலிருந்து திருவொற்றியூர் வரை பார்த்துவிட்டேன். ஆனால் நீங்கள் பெயர் சொல்லாமல் விட்டதால் அவன் பெயரில்லாமல் இருந்துவிடவில்லை. ‘மக்கு’ என்று ஒரு பெயரை அவனே வைத்துக்கொண்டிருப்பான். கண்ணாடி போட்டும் படிப்பு வராத பிள்ளை வேறென்ன நினைத்துக்கொள்ளும்?

டிஸ்லெக்சியா கண்ணில் இருக்கும் கோளாறு இல்லை, அறிவுக் குறைவும் இல்லை. எழுத்தைப் பார்த்ததும் அதற்குரிய ஒலி சட்டென்று வந்து விழ வேண்டும். நமக்கு அது தானாக நடக்கிறது, அவன் ஒவ்வொரு முறையும் உழைத்துத்தான் வரவழைக்கிறான். நம் எழுத்தில் அதற்கென்றே சில வம்புகள் உண்டு. ‘கெ’ என்று எழுதும்போது கொம்பு முன்னால் நிற்கிறது, ஒலியோ பின்னால் வருகிறது. ‘கொ’வில் இரண்டு பக்கமும் காவல் நிற்கிறது. ர-றவும் ல-ள-ழவும் காதுக்குக் கிட்டத்தட்ட ஒன்றாகவே கேட்கும். இதையெல்லாம் கடந்து அவன் தமிழைச் சரியாகவே படித்துவிடலாம், ஆனால் மெதுவாகத்தான் படிப்பான். அதனால்தான் சோம்பேறி என்று தோன்றுகிறது. இதற்கு மாத்திரை கிடையாது. அடியும் மருந்தில்லை என்பதை உங்கள் கணவருக்கு நான் சொன்னதாகவே சொல்லுங்கள். அடி வாங்கிய பிள்ளை வேகமாகப் படிக்காது, படித்ததாகக் காட்டிக்கொள்ளத்தான் பழகும்.

உட்கார வைத்து உபதேசம் மாதிரி சொல்ல வேண்டாம். ரிப்போர்ட்டை எடுத்து அவன் கையிலேயே கொடுங்கள். அக்கா பக்கத்தில் இருந்து படித்துக் காட்டட்டும். எது நன்றாக வருகிறது, எது கஷ்டம் என்று இரண்டும் அதில் இருக்கும். அப்புறம் ஒரு தாளில் அவன் வாயால் சொல்லச் சொல்லி எழுதுங்கள்: எந்தப் பாடத்தில், எந்த நேரத்தில், சரியாக எங்கே மாட்டுகிறான்? ‘படிப்பு வரல’ என்பான். விடாதீர்கள். போர்டைப் பார்த்து எழுதுவதா, சத்தமாகப் படிப்பதா, கேள்வித்தாளைப் புரிந்துகொள்வதா என்று கேளுங்கள். கஷ்டம் எங்கே என்று துல்லியமாகத் தெரியாதவனுக்கு உதவி கேட்கத் தெரியாது, கோபப்படத்தான் தெரியும்.

கேட்கத் தெரியாதவன் இல்லை

‘கிரவுண்டுல அவன் கத்தினா நாலு தெருவுக்குக் கேக்கும், வகுப்புலதான் வாயே வராது’ என்று எழுதியிருக்கிறீர்கள். வியாசர்பாடி, கொருக்குப்பேட்டைப் பக்கம் பந்து உதைக்கும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். பந்து கேட்கும்போது யாரும் வெட்கப்படுவதில்லை. ஆனால் கண்டபடியும் கேட்பதில்லை. ஆள் மறைக்காத இடமாகப் பார்த்து ஓடிப் போய் நின்று, பந்து வைத்திருப்பவன் தலையைத் தூக்கும் நேரம் பார்த்து, ‘இங்க குடு’ என்பார்கள். அவ்வளவுதான் விஷயம். வகுப்பில் உங்கள் மகன் மூன்று பேர் மறைத்து நிற்கும்போது பந்து கேட்டுவிட்டான்.

கையில் சாக்பீஸோடு ஐம்பது பிள்ளைகளைச் சமாளித்துக்கொண்டிருக்கும் ஆசிரியருக்கு, நடுவில் வரும் எந்தக் கோரிக்கையும் சவாலாகத்தான் படும். அவர் கிண்டல் செய்தது சரியில்லை. ஆனால் அவரை எதிரியாகவே வைத்துக்கொண்டால் மார்ச் வரை தாங்காது. வகுப்பு முடிந்து அவர் வெளியே போகும்போதோ, இன்டர்வெலில் ஸ்டாஃப் ரூம் வாசலிலோ, தனியாகக் கேட்கச் சொல்லுங்கள். கோரிக்கை ஒன்றாக இருக்கட்டும். அவருக்கு அதனால் கூடுதல் வேலை வராதபடி இருந்தால் இன்னும் நல்லது. அவன் தன் பங்குக்கு என்ன செய்வான் என்பதும் கூடவே வரட்டும். இப்படி:

‘சார், போர்டுல இருக்கறத எழுதி முடிக்க எனக்கு லேட்டாவுது. நீங்க அழிச்சதுக்கு அப்புறம் பக்கத்துல இருக்கறவன் நோட்டைப் பாத்து எழுதிக்கறேன் சார். நாளைக்குக் காலைல காட்டிடறேன்.’

சத்தமாகப் படிக்கச் சொல்வதுதான் இந்தப் பிள்ளைகளுக்குப் பெரிய கண்டம். வரிசையில் தன் முறை வருவதற்குள் வயிற்றைக் கலக்கும். ஒன்றுக்குப் போகணும் என்று ஓடுவதும், பென்சிலைக் கீழே போட்டுத் தேடுவதும் அதற்குத்தான். அதற்கு: ‘மிஸ், நான் படிக்க வேண்டிய பாராவை முந்தின நாளே சொல்லிட்டீங்கன்னா வீட்ல படிச்சுட்டு வந்துடுவேன்.’ இதை மறுத்த ஆசிரியரை நான் இதுவரை பார்க்கவில்லை.

இதில் ‘எனக்கு டிஸ்லெக்சியா இருக்கு’ என்ற வார்த்தையே இல்லை, கவனித்தீர்களா? யாரிடம் அதைச் சொல்வது, யாரிடம் வேண்டாம் என்பது அவன் முடிவாக இருக்கட்டும். வகுப்பாசிரியருக்கும் தலைமையாசிரியருக்கும் தெரிந்தாக வேண்டும். பெஞ்சில் கூட உட்கார்ந்திருக்கும் எல்லோருக்கும் தெரிய வேண்டியதில்லை. அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இதை எழுப்பப் போவதாக எழுதியிருக்கிறீர்களே, அது வேண்டாம். அங்கே பொதுவாகப் பேசுங்கள், இவன் பெயரை எடுக்காதீர்கள். ‘மானம் போவுது’ என்றானே, அதைத்தான் சொன்னான்.

முதலில் வீட்டில் ஒத்திகை பாருங்கள். அக்கா ‘சார்’ ஆக நடிக்கட்டும். முதல் தடவை சரி என்கிற சார், இரண்டாம் தடவை ‘ஏன், உனக்கு மட்டும் என்ன ஸ்பெஷல்?’ என்கிற சார். மறுத்தால் ‘சரி சார்’ என்று சொல்லிவிட்டு வந்து உங்களிடம் சொல்ல வேண்டும், அங்கேயே வாதம் வேண்டாம் என்பதையும் பழக்குங்கள். அப்படி மறுத்தால், அடுத்த படி வகுப்பாசிரியர். அதற்கும் மேலே போனால் எழுத்தில், அது உங்கள் வேலை. மருந்துக்கடையிலும் டாக்டரிடமும் அவனுக்காக நீங்கள் பதில் சொல்வதையும் நிறுத்துங்கள். முதலில் திணறுவான். வாயை அடக்கிக்கொண்டு நில்லுங்கள். எனக்கே என் பிள்ளைகள் விஷயத்தில் இது சுலபமாக வரவில்லை.

திமிர் பிடித்தவன் என்ற பேர் வருமா? ஒருவேளை வரலாம், ஒரு சிலரிடம். அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் மரியாதை என்றால் வாய் மூடியிருப்பது என்று நாம் பழக்கிவிட்ட பிள்ளைகள் மூன்று மணி நேரப் பரீட்சையில் கேள்வி புரியாமல் மேற்பார்வையாளரிடம் கேட்கவும் பயந்து உட்கார்ந்திருப்பதைப் பார்க்கிறேன். அந்த ஆபத்து இதைவிடப் பெரிது.

ரிப்போர்ட் வேறு, சான்றிதழ் வேறு

இங்கே உங்கள் கணக்கு கொஞ்சம் தப்பியிருக்கிறது. தனியார் மையம் கொடுத்தது சோதனை அறிக்கை. பரீட்சைச் சலுகைக்கு வேண்டியது அரசு மருத்துவர்கள் தரும் சான்றிதழ்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. ‘குறிப்பிட்ட கற்றல் குறைபாடு’ அதில் ஒன்று, டிஸ்லெக்சியா அதற்குள் வருகிறது. இந்தக் குறைபாட்டைச் சீக்கிரமே கண்டறிந்து தகுந்த முறையில் கற்பிக்க வேண்டும் என்று 16ஆம் பிரிவு சொல்கிறது. அரசு நிதி பெறும் பள்ளிகளுக்கும் அங்கீகாரம் பெற்ற பள்ளிகளுக்கும் இது பொருந்தும், உங்கள் பள்ளிக்கும்தான். தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப் பாட விலக்கு போன்றவற்றை 17ஆம் பிரிவு பேர் சொல்லியே குறிப்பிடுகிறது. ஆகவே நீங்கள் ‘கொஞ்சம் பாத்துக்கோங்க’ என்று கெஞ்ச வேண்டியதில்லை. அவன் வாய் திறந்து கேட்டாலும் கேட்காவிட்டாலும் பள்ளியின் கடமை கடமைதான். பேசப் பழகுவது அவன் நன்மைக்கு, உரிமைக்கான கட்டணம் அல்ல.

சான்றிதழுக்கு, மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை இணையதளத்தில் பதிந்து, அரசு மருத்துவமனையில் சோதனைக்குப் போக வேண்டும். உங்களுக்கு ஸ்டான்லி பக்கம். அங்கே விசாரித்தால் எந்தச் சோதனை எங்கே என்று வழி சொல்வார்கள். அறிவுத்திறன் சோதனைக்குக் கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகத்துக்கு அனுப்பவும் வாய்ப்பு உண்டு. அந்தப் பெயரைக் கேட்டதும் உங்களுக்குத் திக்கென்றிருக்கும். நம் ஊரில் ‘கீழ்ப்பாக்கம்’ என்றால் கிண்டல்தானே. அங்கே போனால் படங்களை வரிசைப்படுத்து, எண்களைத் திருப்பிச் சொல் என்று உட்கார்த்திக் கேட்பார்கள், அவ்வளவுதான். அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டு போகாதீர்கள், ஆனால் போங்கள். பழைய ரிப்போர்ட்டையும், இரண்டு மூன்று பாட நோட்டுகளையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். 2018இல் மத்திய அரசு வெளியிட்ட வழிமுறை 8 வயதுக்குப் பிறகே சான்றிதழ் என்றும், 14 வயதிலும் 18 வயதிலும் மறுபடி சோதிக்க வேண்டும் என்றும் சொன்னது. உங்கள் மகனுக்கு இப்போது 14. எப்படியும் புதிதாகச் சோதிக்க வேண்டிய வயதுதான்.

சான்றிதழில் குறைபாட்டின் அளவைச் சதவீதத்தில் போடுவார்கள். ‘40 சதவீதத்துக்குக் கீழே போட்டுட்டா ஒண்ணுமே கிடைக்காதாமே’ என்று உங்களிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். பாதிதான் உண்மை. உயர்கல்வியில் 5 சதவீதம், அரசு வேலையில் 4 சதவீதம் இட ஒதுக்கீடு என்பதற்கெல்லாம் 40 வேண்டும். ஆனால் தேர்வு எழுத உதவியாளர் கேட்பதற்கு 40 சதவீதம் கட்டாயம் இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியில், விகாஷ் குமார் என்பவர் மத்தியத் தேர்வாணையத்துக்கு எதிராகத் தொடுத்த வழக்கில் சொல்லிவிட்டது.

வேலை கிடைக்காது என்ற பயத்துக்கும் பதில் இதிலேயே இருக்கிறது. இட ஒதுக்கீட்டில் கற்றல் குறைபாட்டுக்கும் பங்கு உண்டு. சலுகை கேட்காத இடத்தில் அந்தச் சான்றிதழை யாருக்கும் காட்ட வேண்டிய கட்டாயம் இல்லை. சான்றிதழ் வாங்கினால் அக்கா கல்யாணத்துக்குத் தடை வருமோ என்றும் பயப்படுகிறீர்கள். அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, அதை விடுங்கள்.

பள்ளியில் இரண்டு விஷயம் கேளுங்கள். பள்ளிக்கல்வித் துறையின் மாணவர் விவரப் பதிவான எமிஸில் அவன் சிறப்புக் கவனம் தேவைப்படும் மாணவனாக ஏற்றப்பட்டிருக்கிறானா? வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநர் வருகிறாரா? பொதுத்தேர்வுச் சலுகைக்கான விண்ணப்பம் தலைமையாசிரியர் வழியாகத்தான் அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்குப் போகும். பத்தாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வு வரை தள்ளிப்போட்டு, ஜனவரியில் ஓடி வரும் பெற்றோர் ஒவ்வொரு வருடமும் இருக்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் நீங்கள் வேண்டாம்.

எழுத ஆள் கிடைத்துவிட்டால் போதுமா?

இதில் நான் ஒருமுறை சறுக்கியிருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு பையனுக்கு அலைந்து திரிந்து ஸ்க்ரைப், அதாவது சொல்வதை எழுதும் ஆள் வைத்துக்கொள்ள அனுமதி வாங்கிக் கொடுத்தோம். பரீட்சை அன்று எழுதுவதற்கு ஓர் ஆசிரியை வந்து பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பையன் பேசவில்லை. தெரியாத ஒரு டீச்சரிடம் ‘இதை எழுதுங்க’ என்று சொல்லவே அவனுக்கு நா எழவில்லை. ஐந்து மார்க் கேள்விக்கு இரண்டு வாக்கியம் சொல்லிவிட்டு ‘போதும் மிஸ்’ என்றிருக்கிறான். பாடம் அத்தனையும் தலையில் இருந்தது. அனுமதி வாங்குவதில் இருந்த மும்முரத்தில் அவனைப் பழக்க மறந்துவிட்டேன்.

சொல்லி எழுத வைப்பது தனி வித்தை. விடையை மனதில் அடுக்க வேண்டும். ‘அடுத்த பாரா’, ‘இதுக்கு அடியில கோடு போடுங்க’, ‘கடைசி வரியை ஒரு தடவை படிச்சுக் காட்டுங்க’, ‘தப்பு, அதை அடிச்சுடுங்க’ என்று ஒரு பெரியவரிடம் சொல்லத் தெரிய வேண்டும். உங்கள் மகளை வைத்து வாரம் ஒரு நாள் ஒரு சமூக அறிவியல் வினாத்தாளைச் செய்து பாருங்கள். பள்ளித் தேர்வுகளிலேயே இந்த ஏற்பாட்டைக் கேட்டு வாங்குங்கள். பொதுத்தேர்வு அன்று முதல்முறையாக நடக்கக் கூடாது. பழகிய பிறகு சில பிள்ளைகள், ‘ஆள் வேணாம், எனக்கு டைம் மட்டும் போதும்’ என்கிறார்கள். 10.15க்கு எழுதத் தொடங்கும் பரீட்சை 1.15க்கு முடியும். கூடுதல் ஒரு மணி நேரம் கிடைத்தால் 2.15 வரை உட்கார வேண்டும். அதற்கும் உடம்பும் வயிறும் பழக வேண்டும். எது வேண்டும் என்பதை இரண்டையும் செய்து பார்த்து அவனே சொல்லட்டும்.

மொழிப் பாட விலக்கில் மட்டும் அவசரப்படாதீர்கள். இன்றைக்கு ஒரு பாரம் குறையும் என்பது நிஜம். ஆனால் மாநிலத் தேர்வாணையம் நடத்தும் தேர்வுகளில் தமிழ்த் தகுதித் தாள் இருக்கிறது, பல படிப்புகள் ஆங்கிலத்தில் நடக்கின்றன. அவன் பின்னால் என்ன செய்ய ஆசைப்படுகிறான் என்று கேட்காமல் ஒரு மொழியைக் கைவிட வேண்டாம். எனக்குத் தெரிந்து அதைக் கடைசியாகத்தான் எடுக்க வேண்டும்.

பள்ளியை மாற்றலாமா?

இப்போது வேண்டாம். ஒரு ஆசிரியரின் ஒரு கிண்டலுக்காக, கூட்டாளிகளையும் கிரவுண்டையும் இழக்க வைப்பது பெரிய விலை. புதுப் பள்ளியிலும் போர்டு இருக்கும், அதை அழிக்கும் கையும் இருக்கும். தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் 14 வயதிலிருந்து பத்தாம் வகுப்பு எழுதலாம் என்பது உண்மை. ஆனால் அந்தச் சான்றிதழ் நீங்கள் நினைக்கும் படிப்புக்கும் வேலைக்கும் செல்லுமா என்று விசாரிக்காமல் அதில் இறங்காதீர்கள். அடித்தாலோ, தொடர்ந்து அவமானப்படுத்தினாலோ கதை வேறு. அப்போது பள்ளிக்கல்வித் துறையின் 14417, குழந்தைகளுக்கான 1098 இரண்டில் எதற்கும் தயங்காமல் பேசுங்கள்.

நீங்கள் இனிப் பள்ளிக்கே போகக் கூடாது என்று சொல்லவில்லை. தலைமையாசிரியரிடம் விண்ணப்பம் கொடுக்கப் போகும்போது அவனையும் கூட்டிக்கொண்டு போங்கள். தாளை நீங்கள் கொடுங்கள். ‘என்னப்பா வேணும்?’ என்று அவர் கேட்டால் அவன் பதில் சொல்லட்டும். திக்கினால் எடுத்துக் கொடுக்காதீர்கள். உங்கள் கணவர் இருக்கும் நாளாகப் பார்த்துப் போனால் நல்லது. மகன் ஒரு பெரிய மனிதர் முன்னால் நின்று தன் தேவையைச் சொல்வதை அவரும் ஒரு தடவை கேட்கட்டும்.

விண்ணப்பத்தின் நகலில் பள்ளி முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். அதையும் கொண்டுபோய்ப் புடவைக்கு அடியில் வைத்துவிடாதீர்கள். இரண்டு ஜெராக்ஸ் எடுத்து, ஒன்றை அவன் பைக்குள் போடுங்கள்.